என் பேத்தியின் பாட்டு நோட்டைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய எச்.எம். டீச்சருக்கும் பி.டி.ஏ. கமிட்டியாருக்கும்,

வணக்கம். போன வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்லிப் பக்கத்தை நிரப்பவில்லை. நாலாம் வகுப்பு தமிழ் டிவிஷனில் படிக்கும் என் பேத்தி பாட்டு எழுதி வைத்த நோட்டைப் பிடுங்கி ஆபீஸ் அலமாரியில் வைத்திருக்கிறீர்கள். அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

"பள்ளியை இழிவுபடுத்தும் பாட்டு" என்று டயரியில் எழுதி அனுப்பினீர்கள். கமிட்டியில் கேட்காதவர்கள் இருந்தால் கேட்டுக்கொள்ளட்டும்:

மணியடிச்சா கஞ்சி
மாஷு வந்தா அஞ்சி
பயறு மேல பயறு
பாவமெங்க வயிறு

இதை அவள் கட்டவில்லை. கஞ்சியும் பயறும் போய்ச் சோறும் கறியும் வந்து வருஷங்களாகின்றன. அவள் பள்ளிக் கஞ்சியைக் கண்ணால் பார்த்ததில்லை. சமையற்கட்டுக்கு இன்னும் கஞ்சிப்புரை என்றே பேர் நிற்கிற மாதிரி, முன்னால் படித்தவர்கள் விட்டுப்போன வரிகள் இவை. மெட்டு மட்டும் புதுசு. கை கழுவ நீங்கள் சொல்லித்தந்த பாட்டின் மெட்டு.

அவள் செய்தது எழுதி வைத்தது மட்டுமே. எழுதச் சொன்னவன் நான். தபாலாபீசில் முப்பத்தாறு வருஷம் கடிதம் பிரித்தவன். எது எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பது பழக்க தோஷம்.

கேரள-தமிழ்நாடு எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டில் அரிசி மூட்டையை நிறுத்துவார்கள், கோழி வண்டியை நிறுத்துவார்கள். பாட்டை நிறுத்த ஆளில்லை. ஏப்ரல் லீவுக்குப் பிள்ளைகள் பொள்ளாச்சி, ஆனைமலை என்று அம்மாயி வீட்டுக்குப் போனால் அதுவும் கூடவே போகிறது. மாஷ் என்றால் வாத்தியார் என்று அங்கே யாருக்குத் தெரியும்? "மணியடிச்சா முட்டை, மாசி வந்தா மொட்டை" ஆகிவிட்டது. அங்கே சத்துணவில் முட்டை உண்டே, கஞ்சி எதற்கு? வெல்லம் காய்ச்சும் மறையூரில் என் தங்கை பேரன் "மணியடிச்சா வெல்லம், மாஷு ரொம்பச் செல்லம்" என்கிறான். அந்த மாஷ் கொடுத்து வைத்தவர். நம் மலையாள டிவிஷன் பிள்ளைகளோ 'அஞ்சி'யை 'அஞ்சு' என்று கேட்டு, ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறார்கள். மாஷ் வந்தால் ஐந்து அடி! அதைப் பார்த்துத் தமிழ்ப் பிள்ளைகளும் விரிக்கிறார்கள். எல்லாம் ஊர், தேதி, பாடிய பிள்ளையின் வயசோடு அந்த நோட்டில் இருக்கிறது.

அதற்குத் தண்டனை இருநூறு தடவை இம்போசிஷன், மலையாளத்தில். கேரளத்தின் 2017 சட்டப்படி மலையாளம் கட்டாயம். அவளும் படிக்கிறாள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எழுத்துக்கூட்டி எழுதுகிற கை அது. ராத்திரி பத்தரைக்கு, நூற்று நாற்பதாவது வரியில் தூங்கிப்போனாள். மிச்சத்தை அவள் கையெழுத்து மாதிரி நான் எழுதினேன். (டீச்சர் கண்டுபிடிக்கவில்லை.) அன்றிலிருந்து பாடுவதில்லை. கிணற்றடியில் தட்டுக் கழுவும்போது வாய் தானாக ஆரம்பிக்கும். வாசலைத் திரும்பிப் பார்ப்பாள், நிறுத்திக்கொள்வாள். வாசலில் இருப்பது நான்தான்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மனசை வருத்தும் தண்டனையையும் தடுக்கிறது. அதைக் காட்டி மிரட்ட வரவில்லை; நோட்டுதான் வேண்டும்.

இங்கிலாந்துக்காரர்களான ஓபி தம்பதியர் எழுபது பள்ளிகளின் சுமார் 5000 பிள்ளைகளிடமிருந்து இதே பிள்ளைப் பாட்டுச் சரக்கைத் திரட்டி 1959இல் புத்தகமாகப் போட்டார்கள். அதில் ஒரு சேதி: 1936 டிசம்பரில் ராஜா எட்டாம் எட்வர்ட் முடி துறந்த விவகாரம் வெளியே வந்து மூன்று வாரம் இருக்கும். வேல்ஸில் ஸ்வான்சீ ஊர்ப் பள்ளி விழாவில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் மெட்டை வாசித்ததும், பொடிசுகள் ராஜாவைக் கேலி செய்யும் வரிகளை எடுத்துவிட, டீச்சர் அடக்க வேண்டியதாயிற்று. ராஜா பாட்டுக்கே அவ்வளவுதான். நோட்டைப் பிடுங்கிய செய்தி எதுவும் இல்லை.

நீங்களோ கலோத்சவக் கலைவிழாவில் நாடன் பாட்டு என்ற நாட்டுப்பாட்டுக்கு வெளியிலிருந்து ஆள் வைத்தீர்கள். வசூலுக்கு நானும் இருநூறு ரூபாய் தந்தேன். முண்டு கட்டி மைக்கில் பாடினால் நாடன் பாட்டு, வேப்பமரத்தடியில் பாடினால் இம்போசிஷனா? ஒரு பாட்டை ஒரே நாளில் அடக்கத் தெரிந்த கமிட்டிக்கு, பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட மூன்று மீட்டிங் போதவில்லை. மன்னிக்கவும், அது வேறு மடல்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீசுக்கு வருகிறேன். நோட்டை என்னிடம் தர வேண்டாம். தயவுசெய்து அவளைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுங்கள். நேற்றுப் பஸ்ஸில் ஒரு பையன் இம்போசிஷனையும் சேர்த்து இரண்டு வரி புதிதாகப் பாடிக்கொண்டு வந்தான். பேரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். எழுத நோட்டு இல்லாமல் கரண்ட் பில்லின் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறேன். அதையும் எடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
நாலாம் வகுப்புப் பிள்ளையின் தாத்தா,
சித்தூர் தாலுகா, பாலக்காடு ஜில்லா, கேரளம்