படத்த பாத்துட்டு பேசலாமே

ஐயா, ஒரு மகானை பத்தின படத்துக்கு எதிர்ப்புன்னு நேத்து நம்ம பேப்பர்ல செய்தி பாத்தேன், இன்னும் ரிலீசே ஆகல அதுக்குள்ள தடை கேக்குறது நியாயமே இல்லைங்க. 2006ல ஏசுவ பத்தி தப்பா காட்டுதுன்னு டாவின்சி கோட் படத்துக்கு தமிழ்நாடு அரசு தடை போட்டப்பவே ஹைகோர்ட்டு அத ரத்து பண்ணிருச்சு.

போன வருஷம் சிம்மக்கல் பக்கம் தியேட்டர் வாசல்ல வேற ஒரு படத்த எதிர்த்து கத்துன பையன்கிட்ட எந்த சீன் தம்பி தப்புன்னு கேட்டேன், "வாட்ஸ்அப்ல வந்துச்சுண்ணே"ன்னு போன காட்டுறான், பக்கத்து ஜிகர்தண்டா கடைக்காரர் பால் சட்டிய உள்ள தூக்கி வச்சுட்டு ஷட்டர இறக்கிட்டாரு, அன்னைக்கு யாவாரம் போச்சு, எனக்கு மனசே ஆறல. பக்தி எனக்கும் இருக்கு. கலெக்டர் எதிர்க்குறவங்கள கூப்பிட்டு மொதல்ல படத்த போட்டு காட்டட்டும், அப்பவும் மனசு புண்பட்டா கோர்ட்டுக்கு போகட்டும், அதுவரைக்கும் தியேட்டருக்கு போலீஸ் காவல் குடுங்க.

- ஒரு வாசகர், செல்லூர், மதுரை