டிசம்பரில் டர்பன் வரும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். லிச்சிப் பழம் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டது. அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அவர் தோட்டத்தில் குனிவதும் அப்படியேதான் இருக்கிறது.

லீவுக்கு வருவதைப் பற்றி நீ போனில் பேசிய தோரணை ஏதோ கேசுக்குக் கோர்ட்டுக்கு வருகிற மாதிரி இருந்தது. பெரியவனுக்கு 17, சின்னவளுக்கு 14. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இங்கே சுமார் 570 கிலோமீட்டர். மாப்பிள்ளைக்கு லாரியைக் கண்டாலே கோபம். வழி முழுக்கச் சண்டைதான் என்று இப்போதே முடிவு கட்டிவிட்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது உங்கள் முடிவு, எது பிள்ளைகளின் முடிவு என்று கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பிரித்துச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டைக்கு வேலையே இல்லை.

என்றைக்கு, எத்தனை மணிக்குப் புறப்படுவது, யார் ஓட்டுவது, பின்சீட்டிலும் பெல்ட் போடுவது: இதெல்லாம் உங்களுடையது. இதில் யாரிடமும் கருத்துக் கேட்காதே. கேட்டுவிட்டு மறுத்தால்தான் அவர்களுக்கு ரோஷம் வருகிறது. எங்கே நிறுத்திச் சாப்பிடுவது, காரில் என்ன பாட்டு, டர்பனில் இரண்டு நாளை எப்படிச் செலவழிப்பது: இது முழுக்க அவர்களுடையது. அவர்கள் பாட்டு உனக்குப் பிடிக்காது. பிடிக்காமலே கேட்டுக்கொண்டு வா.

தேதியை மட்டும் நன்றாக யோசித்து வை. டிசம்பர் 16 விடுமுறையை ஒட்டி ஆலைகளும் கட்டட வேலைகளும் மூடிவிடும், உங்கள் கௌட்டெங் மாகாணமே கடலுக்குக் கிளம்பிவிடும். அந்த இரண்டு மூன்று நாளையும், எந்த வெள்ளிக்கிழமையையும் விட்டுவிடு. செவ்வாய், புதன் என்றால் நல்லது. துறைமுகத்துக்குப் போகிற, வருகிற லாரிகள் எப்படியும் என்3 சாலையில் இருக்கும். வான் ரீனன் கணவாயில் ஒரு லாரி படுத்தால் பின்னால் இருப்பவர்கள் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். 2024 செப்டம்பரில் அங்கே பனி கொட்டிச் சாலையையே மூடி, ராத்திரி முழுக்க ஜனங்கள் காருக்குள் உட்கார்ந்திருந்தது உனக்கும் நினைவிருக்கும். டிசம்பரில் பனி இல்லை. மூடுபனியும் பிற்பகல் இடிமழையும் உண்டு. அதனால் தண்ணீர், தின்பண்டம், போனுக்குச் சார்ஜ் எல்லாம் கையோடு இருக்கட்டும். "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம்" என்று எனக்கு வாக்குக் கொடுக்கவே வேண்டாம். நானும் ஒவ்வொரு டோலுக்கும் போன் பண்ணி எங்கே இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். கறி சட்டியில் இருக்கும், வந்து சூடு பண்ணிக்கொள்ளலாம்.

அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்புவது நம் ஜனங்களின் பழக்கம். ஆனால் பிள்ளைகளின் வயதில் உடம்புக்குள் இருக்கிற கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. சீக்கிரம் படு என்றால் அவர்களுக்குத் தூக்கம் வராது, சீக்கிரம் எழு என்றால் மூளை விழிக்காது. அது சோம்பேறித்தனம் இல்லை. மூன்றுக்கே கிளம்புவதானால் தலையணையும் போர்வையும் கொடுத்துப் பின்சீட்டில் தூங்கவிடு. வழியில் ஹாரிஸ்மித் ஊர் வரும் வரைக்கும் அவர்களிடமிருந்து ஒரு வார்த்தையும் எதிர்பார்க்காதே. "சூரியோதயம் பாரு, எவ்வளவு அழகு" என்று தட்டி எழுப்பினாயானால் அன்று முழுவதும் அனுபவிப்பாய். இதையெல்லாம்விட முக்கியம் மாப்பிள்ளையின் தூக்கம். முந்தின நாள் இரவு பதினொன்று வரை வேலை பார்த்துவிட்டு மூன்றுக்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம். ஆறு மணிக்குக் கிளம்பினால் யாரும் கோவித்துக்கொள்ளப் போவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அல்லது 200 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும்.

பெரியவன் லர்னர்ஸ் லைசென்ஸ் வாங்கிவிட்டானாம், என்னிடம் சொன்னான். "கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா" என்று கட்டாயம் கேட்பான். டிசம்பர் கூட்டத்தில் என்3 அவனுக்கு இப்போது வேண்டாம். அந்த "வேண்டாம்" என்பதை வீட்டிலேயே சொல்லிவிடு, பெட்ரோல் பங்கில் நின்று சொல்லாதே. அதற்குப் பதில் வழி பார்க்கும் வேலை முழுவதையும் அவனிடம் கொடு, முன்சீட்டில் உட்காரட்டும். டி ஹூக், வில்கே, டுகேலா, மூய், மரியன்ஹில் என்று ஐந்து டோல். கார்டு அவன் கையில் இருக்கட்டும். எதிரே விபத்து, நெரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். அவன் சொன்ன வழியில் போய் இருபது நிமிஷம் வீணானாலும் நீ வாயைத் திறக்காதே (உன்னால் முடியுமா என்று அப்பா கேட்கிறார்).

சின்னவள் நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அவளுக்குத் தோன்றவில்லை என்றால் இரண்டை மட்டும் சொல்லிவை. ஒன்று, வான் ரீனனில் இருக்கிற எட்டே பேர் உட்காரக்கூடிய குட்டிக் கிறிஸ்தவக் கோயில். இன்னொன்று ஹவிக் பக்கத்தில், மண்டேலாவை 1962 ஆகஸ்ட் 5 அன்று போலீஸ் நிறுத்திப் பிடித்த இடம். கார் டிரைவர் வேஷத்தில் வந்துகொண்டிருந்தவர் அவர். அங்கே 50 இரும்புத் தூண்களை நட்டிருக்கிறார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் கம்பிகள். சரியான இடத்தில் போய் நின்றால் அவர் முகம் தெரிகிறது. அந்த இடத்தை அவளே போனை வைத்துக்கொண்டு தேடட்டும். நீ முந்திக்கொண்டு "இங்கே நில்லு" என்று காட்டாதே. 27 வருஷம், சிறை, சுதந்திரம் என்று பாடமும் எடுக்காதே. கேட்டால் சொல்.

இனி இங்கே டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் நம் வீட்டுக்கு வந்த பிறகு. உண்மையில் பிள்ளைகள் முகம் தொங்குவது வழியில் இல்லை, இங்கேதான். பெரியம்மா வீடு, மாமா வீடு, ஃபீனிக்ஸில் அத்தை வீடு, டோங்காட்டில் உன் சித்தி. ஒவ்வொரு வீட்டிலும் சோபாவில் உட்கார்ந்து, "எவ்வளவு வளர்ந்துவிட்டாய்", "மார்க் என்ன", "ஏன் இப்படி ஒல்லியாக இருக்கிறாய்" என்று கேட்டுக்கொண்டு, சாப்பிட்ட வயிற்றில் மறுபடியும் சாப்பிட்டு. எனக்கே அலுத்துவிட்டது, பிள்ளைகளைச் சொல்வானேன். இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் நம் வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டேன். பிரியாணியும் சில்லிபைட் பஜ்ஜியும் நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் வந்து வணக்கம் சொல்லி, எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். சாப்பிட்ட பிறகு உள்ளே போகலாம். உன் அத்தை முணுமுணுப்பாள். அவளை என்னிடம் விடு.

கடலுக்குப் போவது அவர்களுடைய நாட்களில் ஒன்றாக இருக்கட்டும். புத்தாண்டு நாளில் மட்டும் கடற்கரைப் பக்கமே தலைவைக்க வேண்டாம், மணலே தெரியாது. 2022 வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீர் கெட்டுப்போய் அடிக்கடி சில கடற்கரைகளை மூடினார்கள், அதனால் எது திறந்திருக்கிறது என்று அன்று காலையில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். உயிர்காப்பாளர்கள் நட்ட கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளிக்க வேண்டும். இதுவும் ஓட்டுப் போடுகிற விஷயம் இல்லை. மற்றபடி அண்ணனும் தங்கையும் கடலோர நடைபாதையில் தனியாக நடக்கட்டும். எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்று மட்டும் பேசிக்கொள். நீயும் மாப்பிள்ளையும் எங்கேயாவது உட்கார்ந்து டீ குடியுங்கள். லீவு உங்களுக்கும்தானே.

படுக்கை விஷயம். சின்னவள் என்னோடு படுப்பாள் என்று நீ சொன்னாய். 14 வயசுப் பெண்ணுக்கு ஆயாவின் குறட்டை வேண்டாம். தையல் மெஷின் இருக்கிற அறையைக் காலி செய்து கொடுக்கிறேன், கதவு சாத்திக்கொள்ளலாம். பெரியவனுக்கு முன்ஹாலில் மெத்தை. காலையில் பத்து வரை யாரும் எழுப்பக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. அவர் ஆறு மணிக்கு ரேடியோ போடுவதற்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

நீ வருவது செவ்வாயா புதனா என்று இந்த வாரத்துக்குள் சொல். மீன் வாங்கி வைக்க வேண்டும். சின்னவள் இன்னும் மீன் சாப்பிடுகிறாளா, அதையும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா