ரீகா அடுப்படிக்கு

அன்பு மகள் யாழினிக்கு,

நலம்தானே? லாத்வியச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது, மிளகாய்ப்பொடி தூவிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் கண்ணு. அந்த ஊர்ச் சமையலுக்கு ருசி கொடுப்பவை நாலு: புளிப்பு, புகை, சதகுப்பைக் கீரை, பிறகு கிமெனெஸ் என்கிற விதை. நீண்ட குளிர்காலத்துக்காகப் பாலைப் புளிக்கவைத்து, இறைச்சியைப் புகையில் தொங்கவிட்டு, ரை என்ற தானியத்தின் கறுத்த ரொட்டியைச் சுட்டு வைத்துப் பழகிய ஊர் அது. காரம் சேர்த்தால் இந்த நாலும் அமுங்கிப்போகும், உனக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஜூன் 23 லீகோ இரவு, மறுநாள் யாணி; அங்கே கோடைநடுத் திருவிழா. அன்றைக்கு யாணு சியர்ஸ் என்ற பாற்கட்டி இல்லாத வீடு இருக்காது. நீயே செய்யப்போகிறாய் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று லிட்டர் பால், ஒரு கிலோ பியெஸ்பியென்ஸ், 75 கிராம் வெண்ணெய், இரண்டு முட்டை, ஒரு மேசைக்கரண்டி கிமெனெஸ், இரண்டு தேக்கரண்டி உப்பு. பியெஸ்பியென்ஸ் என்பது தயிரை வடிகட்டிய கட்டி மாதிரி இருக்கும். பொலபொலவென்று உதிர்வதாகப் பார்த்து வாங்கு. குழைவாக, இனிப்புச் சேர்த்து டப்பாவில் வருவது இதற்கு ஆகாது. பாலும் நீண்டநாள் கெடாத அட்டைப்பெட்டிப் பாலாக இருக்கக் கூடாது. அது மிக அதிகச் சூட்டில் பதப்படுத்தியது, சரியாகத் திரியாமல் கொழகொழவென்று நிற்கும்.

கிமெனெஸைக் கொதிநீரில் கால் மணி நேரம் ஊறவிடு. பாலை 85, 90 டிகிரிக்குக் கொண்டுவா, கொதிக்க விடாதே. பியெஸ்பியென்ஸை உதிர்த்துப் போட்டு மெதுவாகக் கிளறினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பால் திரிந்து, தண்ணீர் தெளிந்த மஞ்சளாகப் பிரியும். இந்த நிறத்தைத்தான் கவனிக்க வேண்டும். தண்ணீர் இன்னும் வெள்ளையாக இருந்தால் பியெஸ்பியென்ஸில் புளிப்புப் போதவில்லை. அரை டம்ளர் கெஃபீர், அதாவது மோர் மாதிரிப் புளித்த பால், ஊற்றிப் பார். தெளிந்த பிறகும் அடுப்பிலேயே விட்டால் கட்டி வறண்டு, வெட்டும்போது மணல் மாதிரி உதிரும். முதல்முறை செய்பவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான்.

துணியில் வடித்து, சூடு ஆறுவதற்குள் அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயோடு போடு. அடித்த முட்டை, உப்பு, வடித்த கிமெனெஸ் சேர்த்துச் சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் விடாமல் கிளறு. உதிரி உதிரியாக இருந்தது மெல்ல ஒன்றுசேர்ந்து, பளபளப்பாகி, பாத்திரத்தின் ஓரத்தை விட்டு அல்வா திரள்வது போல வரும். அப்போதே நிறுத்து. ஈரத்துணியில் கொட்டி, நாலு முனையையும் ஒரே இடத்தில் முறுக்கிக் கட்டி, தட்டையாக்கி, மேலே கனம் வைத்துக் குளிர்ப்பெட்டியில் ஓரிரவு விடு. காலையில் அவிழ்த்தால் வட்டமாக, மேலே துணியின் மடிப்பு பதிந்து இருக்கும். அந்தத் தடத்தை வழித்துவிடாதே, சூரியன் மாதிரி அது இருந்தால்தான் அழகு.

ஒன்று மறந்துவிடாதே: கிமெனெஸ் பார்வைக்கு நம் சீரகம் போலவே இருக்கும். வாசம் முற்றிலும் வேறு. கையில் இருக்கிறதே என்று சீரகத்தைப் போட்டால் அது யாணு சியர்ஸ் ஆகாது.

ஜூன் மாதத்தில் கிடைக்கிற இன்னொன்று ஸ்காபெனெஸ் கீரை. வாயில் போட்டதும் நம் புளிச்சகீரை நினைவுக்கு வரும். அதில் சூப் வைப்பது இப்படி: எலும்போடு கூடிய பன்றி விலா அரைக் கிலோவை இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் வேகவிட்டு, கைப்பிடி பார்லி, அது பாதி வெந்ததும் மூன்று நாலு உருளைக்கிழங்கு. கிழங்கு முழுக்க வெந்த பிறகுதான், 300 கிராம் கீரையை நறுக்கிப் போட்டு மூன்றே நிமிடம். முந்திப் போட்டால் கீரையின் புளிப்பில் கிழங்கு விறைத்துக்கொண்டு நிற்கும். காய் வேகாமல் புளி கரைத்து ஊற்றக் கூடாது என்று உனக்குத் தெரியுமே, அதே கணக்கு. அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதே, புளிப்பு அதை அரிக்கும். கீரை பச்சை மாறிப் பழுப்பாவதைப் பார்த்துப் பயப்படாதே, அது இயல்பு. தட்டில் ஊற்றியபின் அவித்த முட்டையில் பாதியும் ஒரு கரண்டி புளித்த பாலாடையும்.

வெயில் ஏறினால் அவுக்ஸ்டா ஸுபா என்ற குளிர்ந்த சூப் செய்: ஒரு லிட்டர் கெஃபீர், துருவிய அவித்த பீட்ரூட் 300 கிராம், இரண்டு வெள்ளரி, வெங்காயத்தாள், நிறையச் சதகுப்பை, அவித்த முட்டை. பீட்ரூட் நன்றாக ஆறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கெஃபீர் திரிந்துவிடும். ஒரு மணி நேரம் குளிரவைத்து, சூடான உருளைக்கிழங்கைத் தொட்டுக்கொண்டு சாப்பிடு.

ஸ்பெக்யா பீராகி என்கிற, உள்ளே இறைச்சி வைத்துச் சுடும் சிறு ரொட்டி பற்றிக் கேட்டிருந்தாய். மாவு பாலும் வெண்ணெயும் ஈஸ்ட்டும் சேர்ந்த சாதாரண மாவுதான். சூட்சுமம் உள்ளே வைப்பதில். புகையூட்டிய கொழுப்பு இறைச்சியையும் வெங்காயத்தையும் கத்தியால் கடுகைவிடச் சற்றுப் பெரிதாகப் பொடியாக நறுக்கு. அரைத்தால் பசையாகிவிடும். லேசாக வதக்கி, முழுக்க ஆறிய பிறகு வை. சூட்டோடு வைத்தால் மாவிலுள்ள வெண்ணெய் உருகி, ஒட்டிய இடம் அடுப்பில் வாய் பிளக்கும். பிறை வடிவில் மடித்து, தையலைக் கீழே திருப்பி, முட்டை தடவி 200 டிகிரியில் பதினைந்து நிமிடம்.

பெலேகியே ஸிர்ணி கிறிஸ்துமஸ் காலத்து உணவு. சாம்பல் பட்டாணி என்று பெயர். பார்த்தால் நம் கறுப்புக் கொண்டைக்கடலை நிறம். ஓரிரவு ஊறவைத்து, புதுத் தண்ணீரில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வேகவை. உப்பைக் கடைசியில் போடு. கொழுப்பு இறைச்சியைக் காய்ந்த சட்டியில் போடாமல், குளிர்ந்த சட்டியில் வைத்து அடுப்பை மூட்டு. அப்போதுதான் கொழுப்பு முழுக்க உருகி இறங்கி, துண்டு மொறுமொறுப்பாகும். அந்தக் கொழுப்பிலேயே வெங்காயத்தை வதக்கி பட்டாணியின் மேல் கொட்டு. பக்கத்தில் ஒரு குவளை கெஃபீர் இல்லாமல் அந்தத் தட்டு நிறையாது. ஒரு பட்டாணிகூட மிச்சம் வைக்காதே. மிஞ்சுவதெல்லாம் வரும் வருடத்துக் கண்ணீர் என்பது அவர்கள் நம்பிக்கை.

ருப்யமைஸே என்கிற அந்தக் கறுத்த ரை ரொட்டியை நீ சுட முயலாதே. மாவைக் கொதிநீரில் பிசைந்து புளிக்கவிட்டு, பழைய மாவைச் சேர்த்துப் பெரிய அடுப்பில் சுடுகிற வேலை, விடுதிச் சமையலறையில் நடக்காது. நல்லதாக வாங்கு; மெலிதாக வெட்டு. கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுகிற வழக்கம் அங்கே உண்டு. காய்ந்துபோன துண்டுகளைத் தூக்கிப்போடாமல் 300 கிராம் சேர்ந்ததும் அடுப்பில் வாட்டி, ஒரு லிட்டர் கொதிநீரில் ஊறவைத்து, சல்லடையில் தேய்த்து எடு. சர்க்கரை, பட்டை, உலர்திராட்சை போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவை. அதுதான் மைஸெஸ் ஸுபா, மேலே அடித்த பாலாடையோடு இனிப்பாகச் சாப்பிடுவது. ரொட்டி கருகியிருந்தால் முழுக்கக் கசக்கும், பார்த்து வாட்டு.

மேற்கு லாத்வியாவில் குர்ஸெமெ பக்கம் போனால் ஸ்க்லாண்ட்ரவுஸிஸ் வாங்கிச் சாப்பிடு. ரை மாவுக் கிண்ணத்தில் உருளையும் காரட்டும் அடுக்கியது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பாரம்பரிய உணவாகப் பதிவு செய்தது.

சனிக்கிழமை ரீகாவின் மத்தியச் சந்தைக்குப் போ. செப்பலின் வான்கப்பல் கொட்டகைகளின் இரும்புச் சட்டத்தைக் கொண்டு எழுப்பி 1930இல் திறந்த கூடங்கள், பால் பொருளுக்கென்றே ஒன்று இருக்கிறது. பியெஸ்பியென்ஸை ஒரு சிட்டிகை ருசிபார்த்துவிட்டு வாங்கு. நாக்கில் புளிப்புத் தெரியவேண்டும். கிமெனெஸை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார். வாசம் எழும்பவில்லையென்றால் அடுத்த கடைக்கு நட.

அன்புடன்,
அப்பா