ஃபார்மட் செய்யும் முன்

கயல்மா,

நீ அனுப்பிய படத்தில் இருப்பது ஐபிஎம் எக்ஸ்டி என்ற பழைய கணினி. உள்ளே சீகேட் எஸ்டி-225 ஹார்ட் டிஸ்க் டிரைவ்: 4 ஹெட் (தட்டில் படித்து எழுதும் முனை), 615 சிலிண்டர் (ஹெட்டுகள் போய் நிற்கும் இடங்கள்), டிராக்குக்கு (தட்டின் ஒரு வட்டப் பாதைக்கு) 17 செக்டர் (பாதையின் துண்டு), மொத்தம் 20 எம்பி. “செக்டர் நாட் ஃபவுண்ட்” என்று ஓயாமல் வருவதால் டிரைவ் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதே. லோ லெவல் ஃபார்மட்டுக்கும் (தட்டில் செக்டர்களையே புதிதாக எழுதுவது) இப்போதே போகாதே, உள்ளதெல்லாம் அழிந்துவிடும். பிழை எந்த நேரத்தில் வருகிறது என்று இரண்டு நாள் குறித்து வை.

கணினியைப் போட்டதும் 1701 என்ற ஹார்ட் டிஸ்க் பிழை எண் வந்து, கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் அழுத்தினால் சரியாக எழுந்துகொள்கிறதா? அப்படியென்றால் தட்டு முழு வேகம், அதாவது நிமிடத்துக்கு 3600 சுற்று, எட்டத் தாமதமாகிறது. டிரைவுக்குப் போகும் பவர் கனெக்டரில் மல்டிமீட்டர் வை. மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6, சிவப்புக் கம்பியில் 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். தட்டு சுழலத் தொடங்கும்போது மஞ்சளின் வோல்ட் சரிந்தால் பவர் சப்ளையைப் பார்.

அளவு சரியென்றால், பவரை அணைத்துவிட்டு 34 பின், 20 பின் கேபிள் இரண்டையும் கழற்று. போர்டு விளிம்பின் தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடை. பாதிப் பிழைகள் இங்கேயே போய்விடும். ஒரே டிரைவ் என்பதால் டெர்மினேட்டர் ரெசிஸ்டர் (கேபிளின் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுப்பது) அதிலேயே இருக்க வேண்டும்.

குளிரில் ஒழுங்காக ஓடி, அரை மணி கழித்துப் பிழை வந்தால் (அல்லது நேர்மாறாக) காரணம் வேறு. இதில் ஹெட்டை நகர்த்துவது படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார். டிராக் எங்கே என்று அது தேடிப் பார்ப்பதில்லை, படிகளை எண்ணிப் போய் நிற்கும், அவ்வளவுதான். சூட்டில் உலோகம் விரிந்தால் ஹெட் சற்று விலகி நிற்கும். செக்டரின் தலைப்பு (அதன் எண்ணைச் சொல்லும் முன்பகுதி) பல வருஷத்துக்கு முன் லோ லெவல் ஃபார்மட்டில் எழுதியது. கணினியை இயக்கும் மென்பொருளான டாஸ் மாற்றி மாற்றி எழுதுவது அதற்குப் பின்னாலுள்ள தரவை மட்டும். இரண்டும் மெல்ல ஒன்றைவிட்டு ஒன்று விலகும். தலைப்பைப் படிக்க முடியாதபோதுதான் “செக்டர் நாட் ஃபவுண்ட்”. “டேட்டா எரர்” என்றால் தலைப்பு கிடைத்தது, தரவுதான் கெட்டிருக்கிறது. டாஸின் ஃபார்மட் கட்டளை தலைப்பைத் தொடாது. அதனால்தான் அதை எத்தனை தடவை ஓட்டியும் உனக்குப் பயனில்லை.

இதற்கு மருந்து லோ லெவல் ஃபார்மட். படிக்க முடிகிற கோப்புகளை முதலில் ஃபிளாப்பிக்கு எடுத்துவிடு. டிரைவைப் பெட்டிக்குள் எந்த நிலையில் இருக்கப்போகிறதோ அப்படியே முடுக்கி, அரை மணி ஓடவிடு. உன் கன்ட்ரோலர் (டிரைவை இயக்கும் கார்டு) வெஸ்டர்ன் டிஜிட்டல் என்றால், டாஸின் டிபக் நிரலில் ஜி=சி800:5 என்று அடி, கார்டிலேயே உள்ள ஃபார்மட் நிரல் ஓடும். ஐபிஎம்மின் பழைய கார்டில் அந்த நிரல் இல்லை, டயக்னாஸ்டிக்ஸ் டிஸ்க் தேவை. ரைட் பிரீகாம்ப் (எழுதும் நேரத்தைச் சற்றுத் திருத்தத் தொடங்கும் சிலிண்டர்) கேட்டால் 300. டிரைவின் மேல் ஒட்டியுள்ள பட்டியலில் இருக்கும் கெட்ட டிராக்குகளை, இப்போது நன்றாகப் படித்தாலும், விடாமல் உள்ளிடு. பிறகு டிஸ்கைப் பகிர்வாகப் பிரிக்கும் எஃப்டிஸ்க், அதன்பின் டாஸையும் சேர்த்து எழுதும் ஃபார்மட் சி: /எஸ்.

ஆர்எல்எல் கார்டு (தரவை நெருக்கி எழுதும் கன்ட்ரோலர்) கிடைத்தால் 30 எம்பி ஆக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அதற்கென்றே தேர்ந்தெடுத்து விற்றது எஸ்டி-238ஆர் என்ற வேறு டிரைவ். 225-இல் செய்தால் சில வாரம் ஓடும், பிறகு இதே பிழைதான்.

பெட்டியைத் தூக்கி வைக்கும் முன் ஹெட்டைப் பாதுகாப்பான இடத்துக்கு ஒதுக்கும் பார்க் நிரலை ஓட்டிவிட்டு அணை. 225 தானாக ஹெட்டை ஒதுக்காது.

அப்பா