மாத்திரைக்குக் கேட்காத மனச்சோர்வு

ஆசிரியருக்கு,

ராணுவத்தில் கார்கிலில் இருந்த என் பெரியப்பா இன்றும் விடிகாலை 4 மணிக்கு எழுந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவார். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்தால் அவ்வளவுதான். கொடுத்த டீ ஆடை கட்டிக் கிடக்கும். மனச்சோர்வுக்கு இரண்டு முறை மாத்திரை மாற்றியும் பலனில்லை. "பட்டாளத்துக்காரர் நீங்களே இப்படி மனசு விடலாமா?" என்றவர்கள்தான் அதிகம்.

இரண்டு வகை மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் தீராவிட்டால் லித்தியம் என்ற மருந்தைக் கூடச் சேர்ப்பது, மூளைக்குச் சிறிதளவு மின்சாரம் செலுத்தும் மின்னதிர்வு சிகிச்சை என்று வழிகள் உண்டு. மயக்க மருந்து இல்லாமல் மின்னதிர்வு தரக்கூடாது என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. இதை எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் கிடைக்க ஆறு வருடம் ஆனது.

முன்னாள் படைவீரர் பாலிகிளினிக்குகளில் மாதம் இரண்டு நாளாவது மனநல மருத்துவர் உட்கார வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணையும் வாசலில் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஒரு வாசகர், காட்பாடி