மேஸ்திரிக்கு ஒரு சுவர் விவகாரம்

அன்புள்ள மேஸ்திரி,

இங்கே இங்கிலாந்தில் எல்லோரும் சுகம். அண்ணனின் முழங்கால் எப்படி இருக்கிறது? பேத்திக்குக் காது குத்திய படங்கள் வந்தன. மூக்கும் முறைப்பும் அப்படியே உன் மாமியார். சரி, கோபப்படாதே.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் 'ஐவிக் கொடி' என்றதுமே நீ 'சுவர்' என்பாய், பேச்சு நேராகச் சிமென்ட் மூட்டைக்குப் போய்விடும். நீ பொதுப்பணித்துறையை விட்டு வந்துவிட்டாய், அது இன்னும் உன்னை விடவில்லை. எழுதினால் குறுக்கே பேச முடியாது. கடைசிவரை படி, அப்புறம் திட்டு.

பக்கத்து வீட்டுப் பாட்டியின் வீடு விற்றாகிவிட்டது. உன் ரசத்தைக் கோப்பையில் வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டாரே, அவர்தான். மறதி அதிகமாகி, கோடையில் மகன் வந்து முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டான். போய்ப் பார்த்தேன். என் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. 'சுவரில் பூ வந்துவிட்டதா?' என்று மட்டும் கேட்டார்.

வீட்டை வாங்கியிருப்பது ஒரு இளம் தம்பதி. மரியாதையான பிள்ளைகள். குடிவந்த சூட்டோடு வேலியருகே நின்று சொன்னார்கள்: பக்கவாட்டுச் சுவரில் ஏறிப் படர்ந்திருக்கிற ஐவிக் கொடியை அடியோடு பிடுங்கிவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போகிறார்களாம். வேலைக்கு வருகிற பில்டர் அப்படித்தான் செய்யவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

நீ இங்கே வந்தது ஜூன் மாதத்தில். அந்தச் சுவரைப் பார்த்து 'பேய் பங்களா மாதிரி இருக்கு' என்றாய். செப்டம்பரில் வந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய். தோட்டத்தில் மற்ற பூக்களெல்லாம் ஓய்கிற நேரத்தில்தான் ஐவி பூக்க ஆரம்பிக்கும். நவம்பர் வரைக்கும் பூக்கும். பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, மஞ்சளும் பச்சையும் கலந்த சின்னச் சின்ன உருண்டைகள். வாடையும் உனக்குப் பிடிக்காது. ஆனால் கொஞ்சம் வெயில் அடிக்கிற மத்தியானத்தில் என் சமையலறை சன்னலைத் திறந்தால் அந்தச் சுவர் முழுக்க இரைச்சல். தேனீ, குளவி, ஈ, பட்டாம்பூச்சி, எல்லாம் குளிருக்கு முந்தின கடைசிச் சாப்பாட்டுக்கு வந்திருக்கும். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கவனித்த கூடுகளுக்கு இலையுதிர் காலத்தில் தேனீக்கள் கொண்டுவந்த மகரந்தத்தில் சராசரியாக 89 சதவீதம் ஐவிப் பூவுடையது. மேஸ்திரி, நூற்றுக்கு எண்பத்தொன்பது!

இன்னொன்றும் வருகிறது. ஐவித் தேனீ என்றே பெயர். உடம்பில் ஆரஞ்சுப் பட்டை போட்டிருக்கும். அது தனி இனம் என்று 1993இல்தான் விஞ்ஞானிகள் பிரித்துச் சொன்னார்கள். பிரிட்டனில் முதலில் கண்டது 2001இல், தெற்கே டோர்செட்டில். அங்கிருந்து பரவிப் பரவி எங்கள் ஊர் ரெடிங் வரை வந்துவிட்டது. ஐவி பூக்கிற நேரம் பார்த்துத்தான் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வரும், ஐவி முடிந்தால் அதன் ஆயுளும் முடியும். ராணி, வேலைக்காரி என்ற ஏற்பாடெல்லாம் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாக மண்ணில் வளை தோண்டி, பிள்ளைக்கு மகரந்தம் சேர்த்து வைக்கும். என் புல்தரையில் தெற்கு பார்த்த சரிவில் அப்படி நிறைய வளைகள். புல் வெட்டும் மெஷினை அந்தப் பக்கம் கொண்டுபோக இவரை நான் விடுவதே இல்லை.

அந்தப் பிள்ளைகள் ஒரு சமாதானம் சொன்னார்கள். 'உங்களுக்கு அவ்வளவு பிடிக்கும் என்றால், தோட்டத்து மூலையில் புதிதாக ஒரு ஐவி நட்டுவிடுகிறோம்.' நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது அங்கேதான். ஐவிக்கு இரண்டு பருவம் உண்டு. நர்சரியில் வாங்குகிற, நுனி நுனியாகப் பிரிந்த இலையுள்ள கொடி இளம் பருவம். அது ஏறும், படரும், ஆனால் பூக்காது. உயரம் போய் நல்ல வெளிச்சம் கிடைத்து, பல வருஷம் ஆன பிறகுதான் முதிர்ந்த கிளை விடும். பெரும்பாலும் பத்து வருஷத்துக்குக் குறையாது. அந்தக் கிளையில் இலையே வேறு, பிரிவில்லாமல் வழவழவென்று இருக்கும். பற்றிக்கொள்ளும் வேரும் அதில் கிடையாது, புதர் போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பூ அதில்தான். பூவுக்குப் பின்னால் கறுப்புக் காய். குளிர்காலம் பாதி தாண்டி வேறு எந்தப் பழமும் மிச்சமில்லாதபோது கரும்பறவையும் காட்டுப் புறாவும் அதைத் தின்றுதான் பிழைக்கின்றன. பாட்டி சுவரில் இருப்பது அப்படி முதிர்ந்த கொடி. அடித்தண்டு என் மணிக்கட்டைவிடப் பருமன். மத்தியானம் ஒரு ஆள் ரம்பத்தோடு வந்தால் முடிந்தது கதை. அதற்கு ஈடாக ஒரு தொட்டிச் செடி வாங்கி வைத்தால் அது பூக்கிறபோது நமக்கு எழுபது தாண்டியிருக்கும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். 'கோபுரத்தில் அரசங்கன்று முளைத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா?' என்பாய். தெரியும். உங்கள் பாட்டனார் வீட்டுக் கைப்பிடிச் சுவரை அரசமரம் பிளந்ததை நானும்தான் பார்த்தேன். ஆனால் அது வேறு, இது வேறு. அரசும் ஆலும் விரிசலுக்குள்ளேயே முளைத்து, சுவருக்குள் தண்ணீர் தேடி வேரை இறக்கி, அந்த வேர் பருத்துப் பருத்துக் கட்டடத்தைப் பிளக்கும். ஐவியின் சாப்பாட்டு வேர் முழுக்கத் தரையில். சுவரில் ஒட்டுகிறவை பிடிப்பு வேர்கள், பசை சுரந்து மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். சுவரிலிருந்தும் மரத்திலிருந்தும் எதையும் உறிஞ்சுவதில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: ஏற்கெனவே விரிசல் இருந்தால் ஐவி சும்மா இருக்காது. பிடிப்பு வேர் உள்ளே போய் நிஜ வேராக மாறி இடைவெளியைப் பெரிதாக்கும். ஓட்டுக்கு அடியில் நுழைந்தால் ஓட்டைத் தூக்கும், மழைநீர்க் குழாயை அடைக்கும். அதற்காகத்தான் வருஷாவருஷம் வெட்டிவிட வேண்டும். நல்ல சுவருக்கு அது கெடுதல் செய்வதில்லை, காப்பாற்றுகிறது என்பதற்கு இங்கே ஆதாரம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹெதர் வைல்ஸ் என்ற பேராசிரியையின் குழு இங்கிலாந்தில் 5 இடங்களில் பழைய சுவர்களை அளந்து பார்த்தது. ஐவி மூடிய சுவரோடு ஒப்பிட்டால், மூடாத சுவரில் ஒரு நாளின் அதிகபட்ச வெப்பம் சராசரியாக 36 சதவீதம் கூடுதல், குறைந்தபட்ச வெப்பம் 15 சதவீதம் குறைவு. சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி விரிந்து சுருங்குவதால்தான் கல் உதிர்கிறது என்று நீதானே எங்களுக்குப் பாடம் எடுப்பாய்? எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்திலும் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி என்ற தோட்டக்கலைச் சங்கத்தோடு சேர்ந்து சின்னச் சின்ன மாதிரிக் கட்டடங்களில் கொடிகளை ஏற்றிப் பார்த்தார்கள். கோடையில் குளிர்ச்சி தருவதிலும் ஈரப்பதத்தைக் குறைப்பதிலும் ஐவிதான் முதலில் நின்றது.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் அந்தப் பிள்ளைகளோடு டீ குடித்தேன். தேனீ பற்றிச் சொன்னதை அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள். அவள் புருஷன் ஈரப்பதம், ஹீட்டிங் பில் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். உயிரோடு இருக்கிற கொடியைப் பிடித்து இழுத்தால் சாந்தும் சேர்ந்து வரும், பிடிப்பு வேரின் தடம் சுவரில் அப்படியே நிற்கும், கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும், பெயின்ட் வேலை நினைப்பது போல லேசில்லை என்றும் சொன்னேன். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைத் தெரிந்தே கலைப்பது 1981ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அது அவர்களுக்குத் தெரியாது. இப்போதைக்கு முடிவு இது: கூரை விளிம்பு, மழைநீர்க் குழாய், சன்னல் இவற்றிலிருந்து ஒரு முழம் தள்ளி வெட்டிவிடுவது. சுவரின் நடுப்பகுதி இந்தக் குளிர்காலம் அப்படியே இருக்கும். பிப்ரவரியில் மறுபடி பேசுவது. பில்டர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பிப்ரவரியை நம்பி நான் சும்மா இருக்கவில்லை. வெட்டி எறிந்ததிலிருந்து இரண்டு விதமாகவும் துண்டுகள் எடுத்து வைத்திருக்கிறேன். இளம் கொடியிலிருந்து எடுத்தது எங்கே வைத்தாலும் வேர் பிடிக்கும். வேலியோரம் நட்டேன். சுவர் அடியிலும் வேலி அடியிலும் மழை சரியாக விழாது, மண் காய்ந்து கிடக்கும். அதனால் ஒன்றரை அடி தள்ளிக் குழி எடுத்து, மட்கிய இலை போட்டு, ஒரு குச்சியை வேலிப்பக்கம் சாய்த்து வைத்தால் அதைப் பிடித்துப் போய்ச் சேர்ந்துகொள்ளும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் விட்டால் போதும். பூக்கிற கிளையிலிருந்து எடுத்த துண்டு வேர் விடுவது மெதுவாகத்தான், நிறைய அழுகியும் போகும். ஆனால் பிடித்துவிட்டால் அது கொடியாக ஏறாமல் புதராகவே நிற்கும், பூக்கவும் அதிக வருஷம் எடுக்காது. பாட்டியின் சுவர் போனாலும் அந்தத் தேனீக்களுக்கு ஏதாவது மிச்சம் இருக்கவேண்டும். தொட்டிகள் எல்லாம் என் கார் ஷெட்டில். கையுறை இல்லாமல் அதில் கைவைக்க மாட்டேன். சாறு பட்டால் சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும்.

விம்பிள்டன் சுவரில் பார்த்தேனே, அதுதானே இது என்று கேட்டிருந்தாய். இல்லை. அது பாஸ்டன் ஐவி, பெயர்தான் ஐவி, குலம் திராட்சைக் குலம். குளிர்காலத்தில் இலை முழுக்கக் கொட்டிவிடும், இது பன்னிரண்டு மாதமும் பச்சை. உனக்கு ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லாதே, விமானத்தில் செடி கொண்டுவர விட மாட்டார்கள். விட்டாலும் மதுரை வெயிலை அது தாங்காது. கொடைக்கானல் பக்கம் என்றால் சரி. உன் காம்பவுண்டுச் சுவருக்குப் பச்சை வேண்டுமென்றால் அங்கே நர்சரியில் சின்ன இலையோடு சுவரில் ஒட்டிப் படர்கிற கொடி கிடைக்குமே, அதை வை. அது அத்தி இனம் என்பதை மட்டும் மறக்காதே, வெட்டாமல் விட்டால் உன் பாட்டனார் வீட்டுக் கதைதான்.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. சுவரின் படங்களைத் தனியாக அனுப்புகிறேன். நூறு வருஷத்துக்கு மேல் ஆன செங்கல், சுண்ணாம்புச் சாந்து. வெட்டிய இடத்தில், மாடி சன்னலுக்கு இடது பக்கம், நாலைந்து வரிசையில் சாந்து உதிர்ந்திருக்கிறது. பில்டர் அதில் சிமென்ட் பூசுகிறேன் என்கிறார். பழைய செங்கல்லில் சிமென்ட் பூசினால் ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் செங்கல் முகமே உரியும் என்று நீ சொன்ன ஞாபகம். நான் சொன்னால் செடிப் பைத்தியம் பேசுகிறது என்பார்கள். நீ எஞ்சினியராக, ஒரு பக்கத்துக்குள், ஆங்கிலத்தில், எந்தக் கலவை எந்த விகிதம் என்று எழுதி அனுப்பு. கையெழுத்துக்குக் கீழே பதவியையும் போடு, ஓய்வு பெற்றவர் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டால் போதும். இந்த மாதக் கடைசிக்குள் வேண்டும்.

உன்
பக்கத்துக் கட்டில்காரி