வசந்தாவுக்கு, மருதாணி விஷயமாக

சங்கரன்கோவில்
ஆவணி 20

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான். தங்கை மகள் சுபா கல்யாண வேலை ஒரு பக்கம், அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியது ஒரு பக்கம் என்று காரணம் சொல்லலாம். "நாலு வரி எழுத எத்தனை நிமிஷம் ஆகும்?" என்று நீ கேட்பாய். கேட்டுக்கொள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உன் முட்டி வலியால் நீ வராதது எல்லாருக்கும் குறைதான். பிரவுன் குடை என்று நாம் பட்டப்பெயர் வைத்தவளும் வந்திருந்தாள், அதே கைப்பையோடு. உன்னைப் பற்றி அரை மணி நேரம் விசாரித்தாள். அந்த ரெக்கார்டு நோட்டை இன்னும் நீதான் வைத்திருக்கிறாய் என்று நம்புகிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை நல்ல மாதிரி, கோவில்பட்டியில் வேலை. சுபா போய் எட்டு நாள் ஆகிறது, வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். தலைக்குக் கருப்பு மருதாணி பாக்கெட் போடுகிறாய், போட்டால் இரண்டு நாள் உச்சி அரிக்கிறது, காலையில் கண் இமை கனத்துக் கிடக்கிறது, அப்புறம் தானே சரியாகிவிடுகிறது என்றாய். அதற்குள் பேரன் அழுதான், நீ போனை வைத்துவிட்டாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. திரும்பக் கூப்பிட்டால் "உனக்கு எல்லாமே பயம்டி" என்று சிரித்துத் தள்ளிவிடுவாய். காகிதத்தில் இருந்தால் மறுபடி எடுத்துப் படிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சுபா கைக்கு என்ன ஆனது என்று உனக்கு முழுசாகச் சொல்லவில்லை, இல்லையா? ஆடித்தபசு சமயம். ஊரெல்லாம் கூட்டம், வீடு நிறைய விருந்தாளிகள். சுபாவும் மைனி பிள்ளைகளும் ஒரு ஃபேன்சி கடையில் மருதாணி கோன் வாங்கி வந்தார்கள். இருபது ரூபாய். இடது புறங்கையில் ஒரு மயில் வரைந்துகொண்டாள். அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்துவிட்டது. எல்லாரும் பாராட்டினார்கள், நானும்தான். மறுநாள் மத்தியானம் அரிப்பு. ராத்திரி கை தடித்தது. மூன்றாம் நாள் காலையில் மயிலின் கோடு கோடாகக் கொப்புளம். தோகையில் ஒவ்வொரு கண்ணும் ஒரு கொப்புளம், வசந்தா. நீர் கோத்துப் பளபளவென்று நின்றது. கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. என் தங்கை பூஜை அறையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் காட்டினோம். பார்த்ததுமே கேட்டார்கள்: "கறுப்பா பிடிச்ச கோன் தானே?" மருதாணி இலையில் இருக்கிற சாயத்தின் பெயர் லாசோன். அது தோலில் முதலில் ஆரஞ்சாகத்தான் பிடிக்கும். ஒன்று இரண்டு நாள் காற்றுப் பட்டுப் பட்டுத்தான் அடர் சிவப்பாகும். உடனே கருப்பாகப் பிடிக்கும் மருதாணி என்று உலகத்தில் எதுவும் கிடையாது. கருப்பாக்குவதற்குத் தலைச்சாயத்தில் போடுகிற பாரா ஃபினைலின் டையமின் என்ற மருந்தைக் கலக்கிறார்கள். சுருக்கமாக பிபிடி. அமெரிக்காவில் அதைத் தோலில் பூசவே அனுமதி இல்லையாம், தலைமுடிக்கு மட்டும்தான்.

டாக்டரம்மா அடுத்துக் கேட்டதுதான் உனக்குச் சொல்ல வேண்டியது. "இதுக்கு முன்னாடி இந்த மாதிரி கோன் போட்டிருக்கியா?" சுபா யோசித்துவிட்டு, காலேஜ் கடைசி நாளில் போட்டதாகச் சொன்னாள். அன்று ஒன்றும் ஆகவில்லை. "அன்னைக்கு உடம்பு அதைத் தெரிஞ்சு வெச்சுக்கிச்சு, இன்னைக்குச் சண்டை போடுது" என்றார்கள். ஒரு தடவை உடம்பு அப்படிப் பழகிவிட்டால் ஆயுசுக்கும் போகாது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாக வரலாம். இனிமேல் எந்த வயசிலும் அவள் கடைத் தலைச்சாயம் போடக்கூடாது. போட்டால் முகமும் கண்ணும் வீங்கும், சிலருக்கு மூச்சுத் திணறல் வரை போகும்.

இப்போது உன் உச்சி அரிப்பையும் கண் இமையையும் நினைத்துப் பார். உன் பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. அந்த நீளப் பெயரோ பிபிடியோ இருந்தால், மேலே மருதாணி இலைப் படம் எத்தனை அழகாக இருந்தாலும் அது தலைச்சாயம்தான். இனி ஒரு தடவைகூடப் போடாதே. இத்தனை வருஷத்தில் உன்னிடம் நான் கண்டிப்பாக எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். ஒரு தோல் டாக்டரிடமும் போய்ச் சொல்லிவிடு. உன் மாப்பிள்ளை பைக்கில் கூட்டிப்போவார்.

நல்ல பக்கத்தையும் சொல்கிறேன். அந்தக் கொப்புளத்துக்கு அப்புறம்தான் எனக்கு ஒரு வெறியே பிடித்தது. பழைய வீட்டுக் கிணற்றடியில் ஆச்சி வைத்த மருதாணி நினைவிருக்கிறதா? லீவுக்கு வந்தபோது நீ முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டாயே, அதேதான். யாரும் தண்ணீர் ஊற்றாமலே வேலி உயரத்துக்கு நிற்கிறது. கல்யாணத்துக்கு அதுதான் போதும், கடையில் எதுவும் வாங்கக்கூடாது என்று முடிவு செய்தேன். டாக்டரம்மாவிடமும் கேட்டுக்கொண்டேன். வெறும் இலை என்றால் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள், ஒன்றும் இல்லையென்றால் போடலாம், புண்பட்ட இடத்தில் மட்டும் வேண்டாம் என்றார்கள். வைத்துப் பார்த்தோம். சின்ன அரிப்புகூட இல்லை.

ஒரு முறம் இலை உருவினேன். அதில் பாதியை நிழலில் உலர்த்தினேன், வெயிலில் காயவைத்தால் சத்து போய்விடும். மூன்று நாளில் நொறுங்குகிற பதம். மிக்ஸியில் பொடித்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்தேன். கோனுக்கு இந்தச் சலிப்புதான் உயிர், ஒரு நரம்பு தங்கினாலும் நுனி அடைத்துக்கொள்ளும். நூறு கிராம் பொடிக்கு எலுமிச்சைச் சாறு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் நீலகிரித் தைலம் விட்டுக் குழைத்து, மூடி ஒரு ராத்திரி வைக்க வேண்டும். காலையில் திறந்தால் மேலே பழுப்பு, கிளறினால் உள்ளே பச்சை. அதுதான் சாயம் இறங்கிய அடையாளம். சர்க்கரை எதற்குத் தெரியுமா? காய்ந்து உதிராமல் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்க.

கோனுக்குப் பால் கவர். இதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். கவரைப் பிரித்துக் கழுவி, துடைத்து, மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம். நீளமான ஓரத்தின் நடுவில் விரலை வைத்துச் சுருட்டினால் அந்த இடமே கூர் நுனியாக வந்துவிடும். நுனி ஊசி போல் மூடியிருக்க வேண்டும், வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை தெரியக்கூடாது. ஓரத்தில் செலோடேப் ஒட்டி, முக்கால் அளவு நிரப்பி, வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்டேன். வரையும்போது நுனியைக் கத்தரியால் ஒரு மயிரிழை வெட்டினால் போதும். நூறு கிராம் பொடியில் பன்னிரண்டு கோன் வந்தது. செலவு நாலு எலுமிச்சம்பழம். ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும், வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் சாயம் செத்துவிடும். மாதக்கணக்காகக் கடை அலமாரியில் தொங்கியும் கருகருவென்று பிடிக்கிற கோனில் என்ன இருக்கும் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

மீதி இலையைச் சுபாவுக்காகவே அம்மியில் அரைத்தேன். மிக்ஸியில் இந்தப் பதம் வராது. கொட்டைப்பாக்கு ஒன்றைத் தட்டிப் போட்டு, டீ டிகாஷன் தெளித்து, வெண்ணெயாக வரும்வரை அரைத்தேன். அரைக்கும்போதே என் உள்ளங்கை சிவந்துவிட்டது, அந்தப் பச்சை வாசனை மூன்று நாள் போகவில்லை. வலது கைக்குக் கோனில் கொடி. இடது கையில் மயில் இருந்த புறங்கையைத் தொடவே இல்லை. அஞ்சு விரலுக்கும் தொப்பி, உள்ளங்கை நடுவில் ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் புள்ளி. நம் ஆச்சிமார் போட்ட அதே மருதாணி. "இது பழைய மாடல் அத்தை" என்று மைனி பிள்ளைகள் சிணுங்கினார்கள். சுபா ஒன்றும் பேசாமல் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரி போட்டோம், நாள் கணக்கு அப்படித்தான் வைக்க வேண்டும். காலையில் தண்ணீர் படாமல் சுரண்டி எடுத்து, தோசைக்கல்லில் கிராம்பைப் போட்டுச் சூடேற்றி அந்தப் புகையில் கையைக் காட்டச் சொன்னேன், அப்புறம் தேங்காய் எண்ணெய். முதலில் வெறும் ஆரஞ்சாக இருந்தது. தங்கை முகம் வாடியது. முகூர்த்தத்தன்று காலையில் பார்த்தால் விரல் நுனியெல்லாம் பழுத்த நாவல் பழ நிறம். உள்ளங்கைத் தோல் தடிமன், அதனால் அங்கேதான் நன்றாகப் பிடிக்கும். மாப்பிள்ளை பிரியமாக இருப்பார் என்றது ஒரு கூட்டம், பித்த உடம்பு என்றது இன்னொரு கூட்டம். போட்டோக்காரர் மோதிரத்தை விட்டுவிட்டு அந்தத் தொப்பிகளையே படம் பிடித்தார். புறங்கையில் மயில் மட்டும் இன்னும் வெளுப்பாகத் தெரிகிறது. நாளாக நாளாக மங்கும் என்கிறார்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். வளையல் வீட்டிலேயே செய்தோம். பழைய பிளாஸ்டிக் வளையலில் பசை தடவி, பட்டு நூலைப் பதினைந்து இழையாகச் சேர்த்து, முறுக்கிக்கொள்ளாமல் நெருக்கமாகச் சுற்றி, கல் ஒட்டவேண்டியதுதான். அம்மா சோபாவில் உட்கார்ந்தபடி முப்பது வளையல் சுற்றினாள், அந்த ஒரு வாரம் சர்க்கரையைப் பற்றிப் பேசவே இல்லை. நலங்கு மாவுக்குப் பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, நாங்கள் காயவைத்த ரோஜா இதழ். தாம்பூலப் பைக்கு அம்மாவின் பழைய சேலைகள், அறுபது பை. அரசாங்கம் மஞ்சப்பை மஞ்சப்பை என்று 2021-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது, நம் வீட்டில் அம்மாவின் சேலைப் பெட்டியைத் திறந்தால் ஊருக்கே தைக்கலாம்.

வீட்டில் செய்தது என்பதற்காக எல்லாவற்றையும் அள்ளிப் பூசவும் கூடாது, வசந்தா. மைனி பிள்ளை ஒருத்தி எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு மொட்டை மாடியில் துணி காயப் போட்டாள். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்துபோகும். கன்னத்தில் கறுப்புத் திட்டு, கல்யாணப் படத்தில் பவுடருக்கு மேலேயும் தெரிகிறது. உன் பேரனுக்கும் மருதாணி வைக்க வேண்டாம். ஜி-6-பி-டி என்று ஒரு நொதி சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு இலை மருதாணிகூட ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடலாம். உன் சம்பந்தியம்மா ஆசைப்படுவார்கள், நீ விடாதே.

உன் தலைக்கு இப்போது நான் செய்வதையே சொல்கிறேன். மருதாணியும் அவுரியும். திண்டிவனம் பக்கம் இன்னும் பயிரிட்டு நீலச் சாயம் எடுக்கிறார்களே, அந்த அவுரிதான். இரண்டையும் ஒரே நாளில், ஒன்றின்மேல் ஒன்றாகப் போட வேண்டும். மருதாணிப் பொடியை டீ டிகாஷனில் குழைத்து இரும்புச் சட்டியில் ராத்திரி ஊறவை. எண்ணெய் இல்லாத முடியில் தடவி இரண்டு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசு. நரைத்த இடம் செம்பு நிறமாகத் தெரியும், பயப்படாதே. அப்புறம் அவுரியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்போடு கரைத்து, கால் மணி நேரம் வைத்து உடனே தடவிவிடு. இதில் எலுமிச்சையோ தயிரோ சேரக்கூடாது, அது ஊறவும் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து அலசு. முதலில் லேசாகப் பச்சையடிக்கும், மறுநாளுக்குள் கறுத்துவிடும். இரண்டு நாள் ஷாம்பு வேண்டாம். மூன்று மணி நேர வேலைதான், நீ சீரியல் பார்க்கிற நேரம். ஆனால் இப்போதே ஆரம்பித்துவிடாதே. உச்சி அரிப்பு முழுசாக அடங்கட்டும், டாக்டர் சரி என்று சொல்லட்டும், பிறகு காதுக்குப் பின்னால் இரண்டையும் ஒவ்வொரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான்.

அவுரிப் பாக்கெட்டிலும் சாயம் கலந்து விற்கிறார்கள் என்பதால் இலையாகவே வாங்கி நானே பொடித்தேன். நாளைக்குப் பார்சல் போடுகிறேன். இரண்டு டப்பா, ஒரு கொத்து வளையல், ஒரு தாம்பூலப் பை. பை அம்மாவின் அந்த ராமர் பச்சைச் சேலைதான். நம் ஹாஸ்டல் ஆண்டு விழாவுக்கு நீ இரவல் வாங்கிக் கட்டி, முந்தியில் சாம்பார் கொட்டினாயே, அந்தக் கறை உள்பக்கம் இருக்கிறது.

டப்பாவில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். சிவப்பு மூடி மருதாணி, நீல மூடி அவுரி. பொடி இரண்டும் பார்க்க ஒரே மாதிரிப் பச்சையாக இருக்கும், மூடியை மாற்றிவிடாதே. டாக்டர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே போன் செய், எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
மீனா